கேளுங்கள், சொல்கிறோம்: நகைக்கடை மெஷினும் அணுவின் உள்கூடும்

எக்ஸ்-கதிரைப் பாய்ச்சி ஒரு பொருளில் எந்தத் தனிமம் எவ்வளவு என்று சொல்லும் எக்ஸ்ஆர்எஃப் மெஷின் நகைக்கடை, வெள்ளிப்பட்டறை, ஃபவுண்டரி, மஞ்சள் குடோன் என்று எல்லா இடத்துக்கும் வந்துவிட்டது. அதைப் பற்றிக் கொங்கு வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளை இந்த இதழில் மொத்தமாக எடுத்துக்கொண்டோம்.

● பழைய செயினை மாத்தப் போனோமுங்க. உரசவும் இல்லை, வெட்டவும் இல்லை. ஒரு பெட்டிக்குள்ள வெச்சு மூடினாங்க, அரை நிமிஷத்துல 91.2ன்னு வந்துருச்சு. தொடாமலே தங்கம் எவ்வளவு, செம்பு எவ்வளவுன்னு எப்படிங்க தெரியுது?
– குடும்பத் தலைவி, பல்லடம்

அந்தப் பெட்டிக்குள் சின்ன எக்ஸ்-ரே குழாய் ஒன்று இருக்கிறது. 40 முதல் 50 கிலோவோல்ட்டில் ஓடும். அதிலிருந்து வரும் கதிர் செயினிலுள்ள அணுவைத் தாக்கி, உட்கருவுக்கு மிக அருகிலுள்ள கூட்டிலிருந்து ஒரு எலக்ட்ரானைத் தட்டி வெளியேற்றுகிறது. முதல் கூட்டுக்கு கே என்று பெயர், அதில் 2 எலக்ட்ரான். அடுத்தது எல், அதில் 8. அதற்கு வெளியே எம், அதில் 18 வரை கொள்ளும். உள்ளே இடம் காலியானதும் வெளிக்கூட்டு எலக்ட்ரான் ஒன்று அங்கே இறங்கிவிடும். இறங்கும்போது மிச்சப்படும் ஆற்றல் புதிய எக்ஸ்-கதிராக வெளியே வரும். பாடப்புத்தகத்தில் 'சிறப்பு எக்ஸ்-கதிர்' என்று வருவது இதுதான்.

நம் ஊர் வெட்டுக் கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். மேல்படியிலிருந்து கல்லைப் போட்டால் விழும் வேகம் கிணற்றின் ஆழத்தைப் பொறுத்தது. உட்கருவில் புரோட்டான் கூடக்கூட கிணறு ஆழமாகும். எந்த இரண்டு தனிமத்துக்கும் ஆழம் ஒன்றாக இருப்பதில்லை. செம்பில் எல்-லிலிருந்து கே-க்கு இறங்கினால் 8.05 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (லேப்களில் 'கேஈவி' என்பார்கள்). வெள்ளியில் அதே இறக்கம் 22.16 கேஈவி. தங்கத்தின் கே கூட்டைத் தட்ட 80.7 கேஈவி வேண்டும், 50 கிலோவோல்ட் மெஷினால் முடியாது. அதனால் தங்கத்துக்கு எல் கூட்டைத் தட்டுகிறார்கள். அதற்குச் சுமார் 12 கேஈவி போதும், வரும் முக்கியக் கோடு (குறிப்பிட்ட ஒரே ஆற்றலில் வரும் கதிரைக் கோடு என்பார்கள்) 9.71 கேஈவி.

டிடெக்டர் ஒவ்வொரு கதிர்த்துகளின் ஆற்றலையும் அளந்து, எந்த ஆற்றலில் எத்தனை வந்தன என்று எண்ணுகிறது. எந்த இடத்தில் கோடு நிற்கிறது என்பதை வைத்து எந்த உலோகம் என்று தெரியும். எத்தனை வந்தன என்பதை வைத்து எவ்வளவு என்று கணக்குப் போடுவார்கள். முதல் பாதியில் சந்தேகத்துக்கு இடம் குறைவு. இரண்டாவது பாதியில்தான் தவறெல்லாம் நடக்கிறது. அதைக் கீழே செல்வபுரம் வாசகருக்கு விரிவாகச் சொல்லியிருக்கிறோம்.

● அந்தக் கதிர் பட்ட தாலிக்கொடியைக் கழுத்தில் போட்டால் ஒன்றும் ஆகாதா?
– வாசகி, தாராபுரம்

ஆகாது. கதிர் தொட்டது அணுவின் எலக்ட்ரானை மட்டுமே. உட்கரு அப்படியே இருக்கிறது. காலியான இடம் ஒரு நொடியில் கோடியில் கோடிப் பங்கு ஆவதற்குள் நிரம்பிவிடும். குழாயை அணைத்த கணத்தில் கதிர் நின்றுவிடும், நகையில் எதுவும் தங்காது. கவனம் தேவைப்படுவது மெஷினை இயக்குபவருக்குத்தான். கையில் பிடிக்கும் 'கன்' வகையில் பொருளை விரலால் பிடித்துக்கொண்டு சுடவே கூடாது, ஸ்டாண்டில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். பெட்டி வகையில் மூடியைத் திறந்தால் கதிர் நின்றுவிடும்படி சுவிட்ச் இருக்கும். அந்த சுவிட்சை டேப் ஒட்டி ஏமாற்றி வைத்திருப்பதைப் பார்த்தால் அங்கே நிற்காதீர்கள்.

● பிளஸ் டூ மாணவர்கள் மோஸ்லி விதியை மனப்பாடம் செய்கிறார்களே தவிர, அது உண்மையா என்று கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. வகுப்பில் செய்துகாட்ட ஏதாவது வழி?
– இயற்பியல் ஆசிரியர், கோபிசெட்டிபாளையம்

அணு எண்ணிலிருந்து எக்ஸ்-கதிர் கோட்டின் ஆற்றலைச் சொல்வதுதான் மோஸ்லி விதி. கால்குலேட்டர் கூட வேண்டாம். அணு எண்ணிலிருந்து 1 கழியுங்கள், வர்க்கம் எடுங்கள், 10.2-ஆல் பெருக்குங்கள். வருவது கே-ஆல்பா கோட்டின் (எல்-லிலிருந்து கே-க்கு இறங்கும்போது வருவது) ஆற்றல், எலக்ட்ரான் வோல்ட்டில். இரும்பு 26: 25-இன் வர்க்கம் 625, பெருக்கினால் 6375. அளந்த மதிப்பு 6400. செம்பு 29: 28-இன் வர்க்கம் 784, பெருக்கினால் 7997. அளந்தது 8050. ஒரு சதவீதத்துக்குள் வந்துவிடுகிறது. 10.2 எங்கிருந்து வந்தது என்று மாணவர் கேட்பார். ஹைட்ரஜனின் எலக்ட்ரானைப் பிரித்தெடுக்க வேண்டிய 13.6 எலக்ட்ரான் வோல்ட்டில் முக்கால் பங்கு அது. இரண்டாம் கூட்டிலிருந்து முதல் கூட்டுக்கு இறங்குவதன் கணக்கு. 1 கழிப்பது ஏன்? கே கூட்டில் இரண்டில் ஒன்று போனபின் மிச்சமிருக்கும் ஒரு எலக்ட்ரான், உட்கருவின் ஒரு புரோட்டானை மறைத்துவிடுகிறது.

அப்படியே தங்கத்துக்கும் போடச் சொல்லுங்கள். 78-இன் வர்க்கம் 6084, பெருக்கினால் 62 ஆயிரம் வரும். அளந்தது 68,800. இந்தப் பிசகைக் காட்டாமல் பாடத்தை முடித்துவிடாதீர்கள். கனமான அணுவில் உள் எலக்ட்ரானின் வேகம் ஒளிவேகத்தின் கணிசமான பங்கு. சார்பியல் அங்கே நுழைந்துவிடுகிறது.

ஆங்கிலேய இயற்பியலாளர் மோஸ்லி இதை 1913, 1914-இல் செய்தார். அதற்கு முன் தனிமங்களை அணு எடைப்படி அடுக்கியதில் கோபால்ட்டும் (58.93) நிக்கலும் (58.69) உதைத்துக்கொண்டிருந்தன. எக்ஸ்-கதிர் கோட்டை வைத்து கோபால்ட் 27, நிக்கல் 28 என்று அவர் முடித்துவைத்தார். 43, 61, 75 ஆகிய இடங்கள் காலி என்றும் சொன்னார். 75 ரீனியம் 1925-லும், 43 டெக்னீசியம் 1937-லும், 61 புரோமீத்தியம் 1945-லும் கிடைத்தன. அவர் இவற்றில் ஒன்றையும் பார்க்கவில்லை. 1915 ஆகஸ்டில் கலிப்போலி போர்முனையில், 27 வயதில் இறந்துபோனார்.

● எங்க பட்டறை மெஷின்ல 91.8 காட்டுதுங்க. அதே பீஸை வேற இடத்துல வெச்சா 91.1. ஹால்மார்க் சென்டர்ல இன்னொரு நம்பர். எதைத்தான் நம்பறது?
– நகைப்பட்டறைக்காரர், செல்வபுரம், கோவை

முதலில் நேரத்தைப் பாருங்கள். கதிர்த்துகளை எண்ணுகிற எந்த அளவையிலும் எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு ஆட்டம் இருக்கும். 10,000 துகள் எண்ணினால் 100 முன்பின் போகும், அதாவது 1 சதவீதம். 10 லட்சம் எண்ணினால் 0.1 சதவீதம். ஆட்டத்தைப் பாதியாக்க நான்கு மடங்கு நேரம் வேண்டும். கூட்டம் நிற்கிறது என்று 10 நொடியில் எடுத்த எண்ணையும், நிதானமாக 60 நொடி எடுத்த எண்ணையும் சமமாக வைத்துப் பேச முடியாது. ஒரே இடத்தில் ஐந்து முறை எடுத்துப் பாருங்கள். ஐந்துக்குள்ளேயே 0.5 வித்தியாசம் வந்தால் 91.8-க்கும் 91.1-க்கும் சண்டையே இல்லை.

அடுத்தது பரப்பு. கதிர் படும் இடம் 1 முதல் 2 மில்லிமீட்டர்தான். அதற்குள் பொடி வைத்துப் பற்றவைத்த இடமோ, கல்லோ, இனாமலோ, கம்பிக்கு நடுவிலுள்ள ஓட்டையோ விழுந்தால் எண் மாறும். தங்கத்தின் கோடு தங்கத்துக்குள்ளிருந்து வெளியே வரக்கூடிய ஆழம் சுமார் 10 மைக்ரான். அதற்குக் கீழே செம்பு இருந்தாலும் ஈயம் இருந்தாலும் மெஷினுக்குத் தெரியாது. மெல்லிய முலாமாக இருந்தால் கீழுள்ள உலோகம் கலந்து தெரிந்து காட்டிக்கொடுத்துவிடும். தடிமனான முலாமாக இருந்தால் முலாமின் தரத்தை மட்டுமே படிக்கும். மெருகு போடும் அமிலம் மேல்தோலிலுள்ள செம்பைக் கொஞ்சம் கரைத்துவிடுவதால், மெருகு போட்ட நகையில் டச் (தங்கத்தின் சதவீதம்) சற்றுக் கூடுதலாகக் காட்டுவதும் இதனால்தான்.

மூன்றாவது விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. நகை மெஷின்களின் மென்பொருள் பெரும்பாலும் எல்லா உலோகத்தையும் கூட்டி 100 ஆக்கிக் காட்டும். பட்டியலில் தங்கம், வெள்ளி, செம்பு, துத்தநாகம் மட்டும் இருக்கிறது, பொருளில் இரிடியமும் இருக்கிறது என்று வையுங்கள். திரையில் கூட்டல் அப்போதும் 100தான். இரிடியத்தின் கோடு 9.18, தங்கத்தின் கோடு 9.71. இடைவெளி 0.53 கேஈவி. நல்ல எஸ்டிடி (சிலிக்கன் டிரிஃப்ட்) வகை டிடெக்டருக்கு இது சாதாரணம். அதன் கோடு 0.15 கேஈவி அகலம்தான் இருக்கும். விலை குறைந்த, வாயு நிரப்பிய புரோபோர்ஷனல் கவுண்டர் மெஷினில் கோட்டின் அகலம் கிட்டத்தட்ட 1 கேஈவி. அதில் இரிடியம் தங்கத்தின் தோளில் ஏறி உட்கார்ந்து தங்கமாகவே எண்ணப்படும். நகையைப் பற்றவைக்கும் கேடிஎம் பொடியிலுள்ள காட்மியத்துக்கும் அதே கதை: வெள்ளி 22.16, காட்மியம் 23.17. கவுண்டர் மெஷினில் இரண்டும் ஒரே மேடு.

இரிடியம், ருத்தீனியம் கலந்திருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் செய்யவேண்டியது இது. மென்பொருளின் தனிமப் பட்டியலில் இரண்டையும் சேருங்கள். எண்ணைப் பார்க்காமல் எந்த ஆற்றலில் எத்தனை துகள் என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் படத்தைத் திறந்து 9.18-இலும் (இரிடியம்) 19.28-இலும் (ருத்தீனியம்) மேடு இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். 8.90-இல் தெரிவது செம்பின் இன்னொரு கோடான கே-பீட்டா, அதைக் கண்டு பயப்பட வேண்டாம். கட்டியாக இருந்தால் அடிப்பக்கத்தை அவசியம் எடுங்கள். இரிடியம் தங்கத்தில் கரையாது, தங்கத்தைவிட அடர்த்தி அதிகம் (22.6, தங்கம் 19.3), உருக்கும்போது தூளாகவே அடியில் இறங்கிவிடும். பாலிஷ் போடும்போது கடினமான புள்ளிகளாக உறுத்துவதும் அதுதான்.

ஹால்மார்க் சென்டரில் எக்ஸ்ஆர்எஃப் முதல்கட்டம் மட்டுமே. முடிவு சொல்வது தீச்சோதனை. பொருளில் சுரண்டி எடுத்ததை வெள்ளியும் ஈயத்தகடும் சேர்த்து கியூப்பல் என்ற சிறு கிண்ணத்தில் உருக்கி, ஈயத்தையும் செம்பையும் கியூப்பல் உறிஞ்சியபின் மிஞ்சும் மணியைத் தட்டி உருட்டி, நைட்ரிக் அமிலத்தில் வெள்ளியைக் கரைத்து, மிச்சத்தை எடை போடுவார்கள். முலாம் இங்கே ஏமாற்ற முடியாது. ஆனால் இரிடியம் அமிலத்திலும் கரையாமல் தங்கத்தோடு நின்று எடையில் சேர்ந்துவிடும். தீச்சோதனைக்குத் தெரியாதது நல்ல எக்ஸ்ஆர்எஃப்புக்குத் தெரியும், எக்ஸ்ஆர்எஃப்புக்குத் தெரியாதது தீச்சோதனைக்குத் தெரியும். இரண்டையும் செய்வது வீண்செலவு என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

உங்கள் மெஷினை 22 காரட்டுக்கு நெருக்கமான, சான்றிதழ் உள்ள ஸ்டாண்டர்ட் பீஸை வைத்துத் தினமும் காலையில் ஒருமுறை சரிபாருங்கள். 24 காரட் பிஸ்கட்டை மட்டும் வைத்துச் சரிபார்த்துவிட்டு 22 காரட்டை அளந்தால் நடுவில் எங்கே வழுக்குகிறது என்பது தெரியாது.

● கொலுசை மெஷின்ல வெச்சா 80க்கு மேல காட்டுது. ஃபைல் போட்டு வெச்சா அஞ்சாறு குறையுது. மெஷின் கோளாறா?
– வெள்ளி வியாபாரி, செவ்வாப்பேட்டை, சேலம்

மெஷின் சரியாகத்தான் படிக்கிறது. அமிலத்தில் போட்டு வெளுக்க வைத்த கொலுசின் மேல்தோலில் செம்பு கரைந்துபோய் வெள்ளி மட்டும் நிற்கிறது. வெள்ளியின் 22.16 கேஈவி கோடு பல பத்து மைக்ரான் ஆழத்திலிருந்தும் வெளியே வரும். செம்பின் 8.05 கோட்டுக்கு அவ்வளவு வலு இல்லை, வெள்ளிக்குள் பத்து மைக்ரான் தாண்டினால் அங்கேயே அடங்கிவிடும். மேல் ஐந்து மைக்ரானில் செம்பு இல்லை என்றால், அந்தத் தோலுக்கு அடியில் இருக்கும் செம்பின் குரலும் மெலிந்துதான் வந்து சேர்கிறது. செம்பு குறைந்து தெரிய, கூட்டலை 100 ஆக்கும்போது வெள்ளி உயர்கிறது.

ஃபைல் போட்ட இடத்து எண்ணே பொருளின் தரம். 0.1 மில்லிமீட்டர் இறங்கினால் போதும். பித்தளைக்குப் போட்ட ஃபைலை வெள்ளிக்குப் போடாதீர்கள், ஒட்டிக்கொண்ட துகளே துத்தநாகமாகக் காட்டும். திருகாணி, வளையம், முத்து வைக்கும் கிண்ணம் என்று மூன்று இடமாவது எடுங்கள். இன்னொன்று: புதிதாக மெஷின் வாங்குகிறவர்கள் குழாயின் டார்கெட் (உள்ளே எலக்ட்ரான் மோதி எக்ஸ்-கதிர் பிறக்கும் தகடு) எந்த உலோகம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளி டார்கெட் என்றால் குழாயின் சொந்தக் கோடும் 22.16-இல்தான் விழும், வெள்ளியே இல்லாத பொருளிலும் கொஞ்சம் வெள்ளி இருப்பதுபோல் தெரியும்.

● கையில பிடிக்கிற கன் ஒன்னு ஸ்கிராப் பார்க்க வாங்கலாம்னு இருக்கறோம். கார்பனும் காட்டுமா? ஸ்டெயின்லெஸ் ஸ்கிராப்புல மாங்கனீசு நம்பலாமுங்களா?
– ஃபவுண்டரி மேலாளர், கணபதி, கோவை

கார்பன் காட்டாது. கார்பனின் கே கோடு வெறும் 0.28 கேஈவி. சில மில்லிமீட்டர் காற்றே அதைத் தின்றுவிடும், மிச்சத்தை டிடெக்டர் ஜன்னல் தடுத்துவிடும். தவிர, இலேசான அணுவில் உள்ளிடம் நிரம்பும்போது கதிர் பிறப்பதே அபூர்வம். ஆற்றல் இன்னொரு எலக்ட்ரானைத் தூக்கி எறிவதில் போய்விடும். அதை ஓஜே எலக்ட்ரான் என்பார்கள். கார்பனில் ஆயிரத்துக்கு இரண்டு மூன்று முறைதான் கதிர் வரும். இரும்பில் மூன்றில் ஒரு பங்கு, வெள்ளியில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல். எஸ்ஜி இரும்பில் (கிராஃபைட் உருண்டையாக உள்ள வார்ப்பிரும்பு) மிஞ்சும் 0.04 சதவீத மெக்னீசியத்துக்கும் கன் உதவாது. அந்த இரண்டுக்கும், பொறி அடித்து அதன் ஒளியை அளக்கும் ஸ்பார்க் ஸ்பெக்ட்ரோதான். அது வெளிக்கூட்டு எலக்ட்ரான் தரும் ஒளியைப் படிக்கிறது, உள்கூட்டை அல்ல. உருகிய இரும்பைச் செம்பு அச்சில் ஊற்றி, வெள்ளையாக உறைந்த காயினை (மாதிரி வில்லையை) அரைத்து அதற்குக் கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

மாங்கனீசு விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். எம்-மிலிருந்து கே-க்கு இறங்கும் கோடு கே-பீட்டா. டைட்டானியம் முதல் இரும்பு வரை, ஒரு தனிமத்தின் கே-பீட்டா அடுத்த தனிமத்தின் கே-ஆல்பா மேல் கிட்டத்தட்ட உட்காருகிறது. குரோமியத்தின் பீட்டா 5.95, மாங்கனீசின் ஆல்பா 5.90. கன்னுக்கு இவை இரண்டும் ஒன்றுதான். மாங்கனீசின் பீட்டாவைப் பார்க்கலாமென்றால் அது 6.49, இரும்பின் 6.40-க்குள் மூழ்கிவிடுகிறது. இரண்டு பக்கமும் அடைபட்ட தனிமம் அது. குரோமிய ஆல்பாவில் இவ்வளவு இருந்தால் பீட்டா இவ்வளவு இருக்கும் என்று மென்பொருள் கழித்துக் காட்டுகிறது. பெயின்ட், துரு, கிரீஸ் இருந்தால் கழித்தல் பிசகும்.

304, 201 என்ற இரண்டு ஸ்டெயின்லெஸ் ரகங்களையும் பிரிக்க நிக்கலைப் பாருங்கள். 304-இல் 8 சதவீதம் அல்லது மேல், 201-இல் 3.5 முதல் 5.5. நிக்கலின் 7.48 கோட்டுக்குப் பக்கத்தில் தொல்லை எதுவும் இல்லை. கிரைண்டரில் பளிச்சென்று தேய்த்த இடத்தில் 10 நொடி போதும்.

● மஞ்சள் தூளில் லெட் குரோமேட் இருக்கிறதா என்று கன் வைத்துப் பார்த்தபோது ஈயத்துக்குப் பதில் ஆர்செனிக் என்று காட்டியது. ஏன்?
– மஞ்சள் வியாபாரி, பெருந்துறை

லெட் குரோமேட் என்பது ஈயமும் குரோமியமும் உள்ள மஞ்சள் நிறமி. ஆர்செனிக்கின் கே-ஆல்பா 10.54 கேஈவி. ஈயத்தின் எல்-ஆல்பா (எம்-மிலிருந்து எல்-லுக்கு இறங்குவது) 10.55. ஒன்று 33 புரோட்டான் உள்ள அணுவின் முதல் கூடு, மற்றொன்று 82 புரோட்டான் உள்ளதன் இரண்டாம் கூடு, இரண்டு பள்ளமும் ஒரே அளவாக அமைந்துவிட்டது. 10.5-ஐ வைத்து முடிவெடுக்கவே கூடாது. 12.61-இல் மேடு இருந்தால் ஈயம், 11.73-இல் இருந்தால் ஆர்செனிக். ஈயம் உறுதியானால் 5.41-இல் குரோமியமும் இருக்கிறதா பாருங்கள். லெட் குரோமேட்டில் எடைப்படி ஈயம் 64, குரோமியம் 16. அதாவது நான்குக்கு ஒன்று. குரோமியம் அந்தக் கணக்கைவிட மிக அதிகமாக இருந்தால் மண்ணிலிருந்தோ, பாலிஷ் டிரம்மின் இரும்பிலிருந்தோ வந்ததாக இருக்கலாம்.

தூளை உலர்த்தி, சலித்து, அடியில் மெல்லிய பிளாஸ்டிக் பிலிம் கட்டிய கப்பில் 2 சென்டிமீட்டர் உயரத்துக்குக் குறையாமல் போட்டுத் தட்டி இறுக்குங்கள். மஞ்சள் இலேசான பொருள், கதிர் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஊடுருவும். உயரம் குறைந்தால் ஈயமும் குறைந்து தெரியும். ஈரம் இருந்தாலும் குறையும். பாக்கெட் மேலேயே வைத்துப் பார்த்தால் அச்சு மையிலுள்ள டைட்டானியமும் துத்தநாகமும் குறுக்கே வரும். காலி கப்பை முதலில் ஒருமுறை அளந்து வைத்துக்கொண்டு, பிறகு தூளை 120 நொடி அளவுக்கு எடுங்கள். இது சந்தேகப்பட்ட மூட்டையைத் தனியே எடுத்து வைக்க மட்டுமே. ஏற்றுமதிக்கான எண்ணுக்கு அமிலத்தில் கரைத்து, மிகச் சிறிய அளவையும் அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவி உள்ள லேபில்தான் கொடுக்க வேண்டும்.

● படியூர்ப் பக்கம் கிடைத்த நீலக்கல் பெரிலா, வெறும் குவார்ட்ஸா என்று இந்த மெஷின் சொல்லுமா?
– கல் வியாபாரி, காங்கேயம்

நேராகச் சொல்லாது. பெரிலின் அடையாளமே 5 சதவீதம் பெரிலியம். அதன் கோடு 0.11 கேஈவி, மெஷினுக்கு எட்டாது. சுற்றிவளைத்துப் பார்க்கலாம். பெரிலில் 10 சதவீதம் அலுமினியம் உண்டு, குவார்ட்ஸில் கிட்டத்தட்ட இல்லை. அலுமினியம் 1.49, சிலிக்கன் 1.74. வெற்றிடமோ ஹீலியமோ உள்ள மெஷினில் இரண்டும் தெளிவாகத் தெரியும், சாதாரண நகை மெஷினில் தெரியாது. நீலத்துக்குக் காரணமான இரும்பு 6.40-இல் தெரிந்தாலும் அது பெரில் என்பதற்கு ஆதாரமில்லை. ஈயம், துத்தநாகம் பெரிய மேடாக வந்தால் கண்ணாடி என்று ஒதுக்கிவிடலாம். மற்றபடி ஒளிவிலகல் எண்ணை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரே போதும்: பெரில் 1.57 முதல் 1.58, குவார்ட்ஸ் 1.54 முதல் 1.55. பட்டை தீட்டிய ஒரு முகம் இருந்தால் இரண்டு நிமிட வேலை.